கனவுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும்

விண்வெளி வீரர் ஆகணும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். "நல்லாப் படி, ஆகலாம்" என்பது ஒன்று. "அதெல்லாம் நமக்கு நடக்குற காரியமா?" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்கிறவர் அன்பானவர். இரண்டாவதைச் சொல்கிறவர் வாழ்க்கையில் அடிபட்டவர். ஆனால் இருவருமே பிள்ளைக்கு வழி சொல்லவில்லை. நான் முதல் பதிலைக் கேட்டு வளர்ந்தவன். அதை நம்பிக் கல்லூரி முடிக்கும்வரை வந்தேன். அதன் பிறகு நடந்ததையும் அதில் கற்றதையும், இன்று மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவனாக, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பணகுடிக்குப் பக்கம். மேற்கே மகேந்திரகிரி. அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களை எரியவிட்டுச் சோதிக்கிறது. சோதனை நடக்கிற நாளில் வயலில் நிற்கும்போதே இரைச்சல் கேட்கும். "ராக்கெட்டு ஓட்டிப் பாக்கான்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா வேலையைத் தொடர்வார். எனக்கு அதன் பிறகு வேலை ஓடாது. ஆறாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியர் ராகேஷ் சர்மாவைப் பற்றிச் சொன்னார். 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தில் ஏறி, சல்யூட் 7 நிலையத்தில் ஏறக்குறைய எட்டு நாள் தங்கித் திரும்பிய முதல் இந்தியர். அன்றிலிருந்து யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். 1997 நவம்பரில் கல்பனா சாவ்லா கொலம்பியா விண்ணோடத்தில் பறந்தபோது, செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டி இயற்பியல் நோட்டின் அட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஊரில் யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. எல்லோரும் நல்லாப் படி என்றார்கள், படித்தேன். ஆனால் ராகேஷ் சர்மா விமானப்படையின் சோதனை விமானி என்பதும், இந்தியாவில் விண்வெளிக்குப் போகிற பாதை விமானப்படை வழியாகத்தான் இருந்தது என்பதும் எனக்குப் பட்டப்படிப்பின் நடுவில்தான் தெரியவந்தது. அதுவும் நூலகத்தில் கிடந்த ஒரு பழைய இதழைப் புரட்டியதால் தெரிந்தது. பிளஸ் டூ முடிக்கும் வயதிலேயே எழுதக்கூடிய, முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு என ஒன்று இருக்கிறது என்று அறிந்தபோது அதற்கான வயது எனக்குக் கடந்திருந்தது. பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதினேன், தேறினேன். அடுத்து ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு. உளவியல் தேர்வு, குழுவாகச் செய்யும் வேலைகள், நேர்காணல் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த எனக்கு ஒவ்வொரு வாக்கியமும் மலை ஏறுவதாக இருந்தது. அதையும் கடந்தேன். மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும்.

கண் பிரிவில் ஒரு மருத்துவர் என் முன்னே ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்கச் சிறு சிறு வண்ணப் புள்ளிகள், நடுவில் ஓர் எண். முதல் பக்கத்தில் 12 என்று படித்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. "என்ன நம்பர்?" என்று அவர் கேட்டுக்கொண்டே திருப்பினார். நான் எண் இருக்கும் பக்கம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது என்றும், அதன் முதல் பக்கத்தை நிறக்குறை உள்ளவர்களும் படித்துவிடுவார்கள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கடைசியில் அந்த மருத்துவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொன்னார்: "இது நோய் இல்ல தம்பி. பிறவியிலேயே இருக்கு. ஆனா பைலட்டா எடுக்க மாட்டாங்க."

விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அதில் சிவப்பையோ பச்சையையோ உணரும் வகை சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த இரண்டு நிறமும் குழம்பும். எச்சரிக்கை விளக்கையும் ஓடுதள விளக்கையும் நொடியில் பிரித்தறிய வேண்டிய விமானிக்கு அந்தக் குழப்பம் ஆபத்து. விதி நியாயமானதுதான். கண்ணாடி போட்டோ அறுவை செய்தோ இதை மாற்ற முடியாது. இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம்தான் அதிகம்; தாத்தாவிடமிருந்து தாய் வழியாகப் பேரனுக்கு வரும். ஊருக்குத் திரும்பும் ரயிலில் என் சிறுவயது முழுவதும் எனக்கு வேறு மாதிரி விளங்கியது. பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னால் நான் காயையும் சேர்த்துப் பறித்து வருவேன். ஆச்சி சிரிப்பார். மாமாவும் அப்படித்தான் பறிப்பார் என்பார். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன், பார்வை நன்று என்று எழுதிக்கொண்டார்கள். வண்ணப் புத்தகத்தை யாரும் காட்டவில்லை.

வீட்டில் அம்மா கேட்டார், "இது யாருகிட்ட இருந்துய்யா வந்துச்சு?" தெரியலம்மா என்றேன். தாய் வழியில் வருவது என்று அம்மா இருந்தவரை நான் சொல்லவே இல்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஒரு தாய் சுமக்கத் தேவையில்லாத பாரம் அது.

ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் அப்துல் கலாமைச் சொன்னார்கள். விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர். பின்னாளில் நாட்டின் ராக்கெட்டையே செய்தவர். உண்மைதான். ஆனால் துக்கம் புதிதாக இருக்கும்போது பெரியவர்களின் கதை பயன்படாது என்பதை அப்போது அறிந்தேன். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா தரையிறங்கும் வழியில் சிதறி, கல்பனாவும் உடன் சென்ற ஆறு பேரும் மாண்டார்கள். "நல்லவேளை, உங்க பையன் அந்தப் பக்கம் போகல" என்று அம்மாவிடம் பலர் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நோட்டு அட்டைக்குள் இருந்த படத்தை எடுத்துப் பார்த்து அழுதேன். அவருக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

என்னை மீட்டது வகுப்பறை. பி.எட். முடித்து ஆசிரியரான புதிதில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், மேல போனா புவியீர்ப்பு இருக்காதாமே, அதான் மிதக்காங்களா?" கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பன்னாட்டு விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே பூமியை நோக்கி விழுகிறது. பூமி வளைந்திருப்பதால் அந்த விழுதல் முடிவதே இல்லை. உள்ளே இருக்கிறவர்களும் கூடவே விழுகிறார்கள்; அதனால்தான் மிதக்கிறார்கள். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அன்றுதான் என் ஆசைக்குள் இரண்டு ஆசைகள் இருந்தது புரிந்தது. மேலே போக வேண்டும் என்பது ஒன்று. எப்படிப் போகிறார்கள் என்று அறிய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை என் கண் தடுத்தது. இரண்டாவதை யாரும் தடுக்கவில்லை. நடந்ததெல்லாம் நல்லதற்கே என்று நான் சொல்ல மாட்டேன். போக முடிந்திருந்தால் போயிருப்பேன். 2025 ஜூன் 25 அன்று நம் விமானப்படை விமானி சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் புறப்பட்டதை மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது, மகிழ்ச்சியும் பழைய வலியும் சேர்ந்தேதான் வந்தன. அந்த வலியை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் உண்மையான கேள்விகளாக இருந்தன.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "பொம்பளப் பிள்ளைய எடுப்பாங்களா சார்?" உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்தியர்களை நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு என்று 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் ஆண்கள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் பெண்கள் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றதே 2016இல்தான். என்.டி.ஏ.வில் பெண்கள் சேர்ந்தது 2022இல்; அந்த முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது 2025இல். கதவு திறந்துவிட்டது, உன் வயதுக்கு அது சரியான நேரத்தில் திறந்திருக்கிறது என்றேன். வழியையும் சொன்னேன். பிளஸ் ஒன்னில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் எடுக்க வேண்டும். என்.டி.ஏ. தேர்வை ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், ஆகவே ஆங்கிலத்தை இன்றே தொடங்கு. காத்திருக்கவும் பழகு. சுக்லா விமானப்படையில் பொறுப்பேற்றது 2006இல், விண்வெளிக்குப் போனது 2025இல். அந்தப் பத்தொன்பது ஆண்டும் அவர் விமானம் ஓட்டினார், சோதனை விமானியாகத் தேர்ந்தார், ரஷ்யாவில் பயிற்சி பெற்றார், ரஷ்ய மொழியும் கற்றார். மேலே போன பிறகு வெந்தயத்தையும் பாசிப்பயறையும் முளைக்க வைத்து ஆய்வு செய்தார். பேர் வாங்கிய அந்தச் சில நாட்களுக்குப் பின்னால் இருப்பது அத்தனை ஆண்டு வேலை.

இப்போது எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைக் கண் மருத்துவரிடம் காட்டி நிறப்பார்வையையும் சோதிக்கும்படி பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். செல்போனில் வரும் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விமானி ஆகணும் என்றிருந்த ஒரு பையனுக்கு என்னைப் போலவே இருந்தது தெரியவந்தது. அழுதான். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சில வாரம் கழித்து மகேந்திரகிரியில் நடக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன். ககன்யான் ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருக்கும் சி.இ. 20 கிரையோஜெனிக் எஞ்சின், மனிதரை ஏற்றிச் செல்லத் தகுதியானது என்று 2024 பிப்ரவரியில் சான்று பெற்றது. அதற்காக நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 வினாடி எரியவிட்டுப் பார்த்தார்கள். விதிப்படி 6,350 வினாடி போதும். தேவைக்கு மேல் இத்தனை வினாடி எரித்துப் பார்த்த பிறகுதான் ஒரு மனித உயிரை அதன் மேல் உட்கார வைக்கத் துணிகிறார்கள். நம் ஊரில் கேட்ட இரைச்சல் அதுதான் என்றேன். அவன் இப்போது எஞ்சினைப் பற்றி என்னை விடாமல் கேட்கிறான். நாளை என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கு முன்னால் காலம் இருக்கிறது. அந்தக் காலம்தான் எனக்குக் கிடைக்காமல் போனது.

என் வாழ்க்கை எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கனவு காணச் சொல்வது பாதி வேலை. எந்தப் பஸ், எங்கே ஏறணும் என்று சொல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பக் கூடாது. விண்வெளி வீரர் என்பது ஒரு வேலை. அதற்கு வயது வரம்பு உண்டு, உடல்தகுதி உண்டு, தேர்வு உண்டு, மொழி உண்டு. இவை எதுவும் ரகசியம் இல்லை. சென்னையிலும் டெல்லியிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். நம் கிராமத்துப் பிள்ளைக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

2035க்குள் சொந்தமாக விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அன்று அங்கே போகப்போகிறவர்களில் சிலர் இன்று ஏதோ ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருக்கலாம். நிலையம் என்று வந்துவிட்டால் விமானிகளோடு பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் தேவைப்படுவார்கள். கல்பனா சாவ்லாவே பொறியியல் படித்துத்தான் விண்வெளிக்குப் போனார்.

பெற்றோரே, ஆசிரியர்களே, உங்களிடம் வந்து ஒரு பிள்ளை விண்வெளிக்குப் போகணும் என்று சொன்னால், பாராட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அந்த வாரமே கண்ணைச் சோதியுங்கள். கணக்கில் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். தினமும் கொஞ்சம் ஆங்கிலம் பேச வையுங்கள். நீச்சல் பழக்குங்கள், ஓட விடுங்கள். என்.டி.ஏ. என்ற பெயரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னாலேயே காதில் போடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். ஆனால் வழி தெரியாததால் நின்றுபோனது என்ற நிலை இனி ஒரு பிள்ளைக்கும் வரக் கூடாது.