பேட்டரி தீர்ந்த விக்ரம்

எடி மக்கா,

உனக்க சம்பந்திக்காரி சண்டையை அடுத்த கடிதத்துல விலாவாரியா எழுது. இப்போ எனக்க கதையைக் கேளு.

ஆடி அமாவாசை கழிஞ்சு வாவுபலி பொருட்காட்சிக்குப் போனோம். சப்பாத்துல தண்ணி நல்லா ஓடுது. ராட்டினம், மரணக்கிணறு, தட்டகலத்துக்கு டெல்லி அப்பளம், எல்லாம் பழையபடிதான். மரணக்கிணத்து ஸ்பீக்கர்ல அனிருத்துக்க 'விக்ரம்' அலறிட்டிருந்துது, 2022ல லோகேஷ் கனகராஜ் படத்துக்குப் போட்டது. நான் கூடச் சேர்ந்து முணுமுணுத்தேன். மகன் திரும்பி, "அம்மா, இது உனக்கு எப்படித் தெரியும்?"ங்கான். அவன் பிறக்கதுக்கு முன்னால நாம பாடின பாட்டுடி!

1986ல வந்த பழைய 'விக்ரம்' ஞாபகம் இருக்கா? குமுதத்துல சுஜாதா தொடரா எழுதின கதை. படத்துல சலாமியான்னு இல்லாத ஒரு நாடு, அம்ஜத்கான் ராஜா, வில்லனா சத்யராஜ். படம் போனா போகட்டும், பாட்டு வேற ரகம். இளையராஜா இசை, வைரமுத்து எழுத்து, கமலே பாடினது. வயலினும் தவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த சிந்தசைசர் சத்தம் ஆகாசத்துல இருந்து விழுந்த மாதிரி இருந்துதே!

மார்த்தாண்டத்துல பதிஞ்சு வாங்கின கேசட்டை எங்க அண்ணனுக்க டேப் ரிக்கார்டர்ல தேயத் தேயக் கேட்டோம். பேட்டரி தீரத் தீர கமல் குரல் கனத்து, இழுத்து, கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி வரும். "இதாக்கும் கம்ப்யூட்டர் குரல்"னு நீதான் அடிச்சுச் சொன்னே. நானும் நம்பினேன். அண்ணன் பேட்டரியை வெயில்ல காயவெச்சுத் திரும்பப் போட்டப்போ, பாட்டைக் கெடுத்துட்டான்னு அவன்கூட மூணு நாள் பேசலை!

வீட்டுக்கு வந்ததும் மகன் பழசையும் புதுசையும் போன்ல அடுத்தடுத்துப் போட்டான். அனிருத்துக்க டிரம் நெஞ்சுல வந்து இடிக்கு, குறை சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலத்துல கூப்பிட்டது முன்னப்பின்ன தெரியாத ஒரு உளவாளியை. இப்போ கூப்பிடுறது கமலை. அந்தப் பேரைக் கேட்டதும் தியேட்டர்ல விசில் விழும்னு தெரிஞ்சே போட்ட பாட்டு. பழசுல இருந்த அந்தச் சின்னக் குறுகுறுப்பு இதுல இல்ல. பழசைப் போட்டப்போ நான், "போன்ல ஏதோ கோளாறு, வேகமா ஓடுது"ன்னேன். மகன் விழுந்து விழுந்து சிரிச்சான். நாம கேட்டதுதான் எனக்கு அசல், கமல் பாடினதே நகல் மாதிரி இருக்கு!

இன்னொரு விசேஷம். 'கூலி' டீசர்ல 'தங்கமகன்' படத்து 'வா வா பக்கம் வா' இசையை எடுத்தாண்டாங்கன்னு 2024ல இளையராஜா நோட்டீஸ் விட்டாரில்லியா, அதுல இந்த விக்ரம் பாட்டையும் சேர்த்துச் சொன்னாராம். எங்க வீட்டுக்காரர், "பேசாம ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி குடுத்திரலாமே"ன்னு பஞ்சாயத்துப் பண்ணுகாரு. வாங்கின கடனுக்கு வட்டி குடுக்கத் தெரியாத மனுஷன்!

சரி, விஷயத்துக்கு வாறேன். அந்த கேசட் உனக்ககிட்டதான் இருக்கு. கல்யாணமாகி திருவனந்தபுரம் போனப்போ டிரங்குப் பெட்டியில அமுக்கினது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஓணத்துக்கு வரும்போ எடுத்திட்டு வா. டேப் ரிக்கார்டர் பரண்ல கிடக்கு. தீர்ந்த பேட்டரி நான் தேடி வைக்கேன்.

உனக்க,
குழித்துறைக்காரி