பெரட்டுக்கு வரும் நாய்

ரந்தாவ், நெகிரி செம்பிலான், மலேசியா

அன்புள்ள மாப்ள,

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என்னை வழியனுப்பும்போது நீ அலுத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? "ஊர் ஊரா கண்காட்சிக்கு நம்ம கன்னி நாயைக் கூட்டிட்டுப் போறேன். கோப்பையும் வாங்குறேன். குட்டி கேட்டு வர்றவன் என்னமோ லேப்ரடார் இருக்கான்னுதான் கேக்குறான்." அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே வந்து பத்து நாளில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

சிரம்பானிலிருந்து ரந்தாவ் வரும் சாலையில் எங்கு பார்த்தாலும் செம்பனைதான், நம் ஊரில் எண்ணெய்ப்பனை என்போமே அது. நம் ஆட்கள் கப்பலேறி வந்து பால் வெட்டிய ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் டவுன் பக்கம் குடியேறிவிட்டார்கள். வெளிக்காட்டு வேலைக்கு இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவரும் வருகிறார்கள். லயத்தை விட்டுப் போகாத சிலரில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர்.

விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆளெடுப்பு. தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட வருவதற்குள் சித்தப்பாவின் நாய் களத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேர் கருப்பன். முழங்கால் உயரம், விடைத்த காது, சுருண்ட வால். விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு மயிர் முளைக்காத தழும்பு. பன்றிக் கொம்பு கிழித்த இடம். என்ன ஜாதி நாய் சித்தப்பா என்று கேட்டேன். "தோட்டத்து ஜாதி" என்றார்.

செம்பனையை ஏறத்தாழ 25 வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட வேண்டும். காட்டுப்பன்றிக்கு அந்தக் கன்றுதான் பலகாரம். அடியைக் கிண்டிச் சாய்த்து, உள்ளே இருக்கிற இளங்குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு ராத்திரி சித்தப்பாவோடு மறுநடவுக் காட்டுக்குப் போனேன். கருப்பன் முன்னால் போனான், குரைக்கவே இல்லை. மூக்கைத் தரையோடு வைத்து இரண்டு வரிசை தாண்டியவன் சட்டென்று நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா நாக்கைச் சொடுக்கிய பிறகுதான் குரைப்பு. இருட்டுக்குள் எதுவோ தடதடவென்று ஓடியது. "விரட்டினாப் போதும்டா தம்பி. வேட்டைன்னா பெர்ஹிலித்தான்ல, அதான் வனவிலங்கு இலாகாவுல, லைசென்ஸ் எடுக்கணும்" என்றார்.

கருப்பன் நின்ற நிலையைப் பார்த்ததும் பாயின்டர் ஞாபகம் வந்தது. பறவையை மோப்பம் பிடித்ததும் அப்படி உறைந்து நிற்பதற்காகவே வெள்ளைக்காரன் வளர்த்த நாய் அது. ஸ்பானியல் புதரிலிருந்து பறவையைக் கிளப்பும். சுட்டு விழுந்ததை ரெட்ரீவர் கவ்விக்கொண்டு வரும். நீ கரித்துக்கொட்டும் லேப்ரடார் அந்த ரெட்ரீவர் வகைதான். முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சியே இந்தத் துப்பாக்கிக்காரர் நாய்களுக்குத்தான்: 1859 ஜூனில், இங்கிலாந்தின் நியூகாசிலில். பாயின்டருக்கும், செட்டர் என்ற இன்னொரு துப்பாக்கிக்காரர் நாய்க்கும் மட்டுமே இடம். ஜெயித்தவனுக்குப் பரிசு துப்பாக்கி! அந்த நாய் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று அந்த நாட்டிலேயே சஸ்ஸெக்ஸ் ஸ்பானியல், கிளம்பர் ஸ்பானியல் போன்றவை ஆண்டுக்கு 300 குட்டிகூடப் பதிவாகாமல், அருகிவரும் இனங்களின் பட்டியலில் நிற்கின்றன.

இந்த நாட்டிலும் ஒரு கதை உண்டு. மலைக்காட்டுப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வீட்டில் வாழ்கிறவர்கள். அவர்களுடைய நாய் ஏணி ஏறும். 1963-இல் ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் அந்த நாய்களில் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். இங்குள்ள தெலோம் ஆற்றின் பேரால் 'தெலோமியன்' என்று பேர் வைத்து, அமெரிக்காவில் சங்கமும் தொடங்கினார்கள். பேர் கிடைத்தது, சங்கம் கிடைத்தது, ஏணிதான் இல்லை. இன்று அந்த இனம் மிக அரிது.

ஓரிடத்திலேயே இருந்தாலும் ஆபத்துதான். 1998-99-இல் பன்றிகள் வழியே பரவிய நிப்பா காய்ச்சல் இந்த மாநிலத்தை உலுக்கியது. வைரஸின் பேரே இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பேர்தான். நாடு முழுக்க 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நாய்களுக்கும் தொற்றியது. "எங்க லயத்துப் பழைய நாய் வம்சம் அதோட போச்சு" என்கிறார் சித்தப்பா. கருப்பனின் தாய் வேறு தோட்டத்திலிருந்து வந்தவள்.

இப்போது நம் கதைக்கு வா. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. காட்டுக்கு அது நல்லது. ஆனால் நம் வேட்டை நாய்களான கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் வேலை போய்விட்டது. பேருக்குக் குறைவில்லை. 2005-இல் ராஜபாளையம் தபால்தலையில் வந்தது. 2017-இல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 2020-இல் பிரதமர் வானொலியில் நம் நாய்களின் பேரைச் சொன்னார். அதே சமயம், தூய வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததில் ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. கண்ணுக்கு லட்சணம், காதுக்குச் சத்தம் எட்டாது. கண்காட்சி மேடையில் இது யாருக்குத் தெரியும்?

கருப்பனுக்கு வேலை இருக்கிறது, பேர் இல்லை. நம் நாய்க்குப் பேர் இருக்கிறது, வேலை இல்லை. உன் அலைச்சலின் பிரச்சினை இதுதான் என்று எனக்குப் படுகிறது. நீ நாயின் அழகைக் காட்டுகிறாய், வாங்க வருகிறவன் "இது எனக்கு எதுக்கு?" என்று யோசிக்கிறான்.

அதனால் மூன்று காரியம் செய். குட்டியின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டி, அது திரும்பிப் பார்ப்பதை எல்லார் முன்னாலும் காட்டு. மூன்று தலைமுறைக்குத் தாய் யார், தகப்பன் யார், எந்த ஊர் என்று நோட்டில் எழுதி வை. ஒரே வீட்டுக்குள் இணை சேர்க்காதே. பிறகு, நம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் பன்றி படுத்துகிற பாடு உனக்கே தெரியும். கொல்லாமல், குரைத்து எச்சரிக்கிற காவலுக்கு இரண்டு நாயைப் பழக்கி, காட்டுக்காரர்களைக் கூட்டி வந்து பார்க்கச் சொல். ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடமும் பேசு.

அடுத்த கண்காட்சிக்குக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போகாதே. நோட்டையும் தட்டையும் எடுத்துப் போ.

அன்புடன்,
உன் மாப்ள