ஓடினால் போதுமா?

2019ஆம் ஆண்டு இறுதியாண்டுத் தொழிற்பயிற்சிக்காகச் சைபர்ஜெயாவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். கிடைத்த முதல் வேலை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சந்தாக் கணக்கு இருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பற்றியது. அந்தச் சர்வரின் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, 4.4இலிருந்து 4.15க்கு மாறவிருந்தது. தரவுத்தளம் அதனோடு ஒத்துப்போகுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். சோதனைக் கணினியில் புதிய கெர்னலை ஏற்றினேன். தரவுத்தளம் இயங்கியது, கேட்டதற்கெல்லாம் பதில் தந்தது. ‘ஒத்துப்போகிறது’ என்று அறிக்கை எழுதிக் கையொப்பமும் இட்டு மேலாளருக்கு அனுப்பிவிட்டேன்.

“ஓடுது, சரி தம்பி. டிஸ்க் கெட்டா என்ன ஆகும்னு பார்த்தியா?” என்றார் உடன் பணிபுரிந்த அண்ணன்.

“பார்க்கலண்ணே.”

அன்று மாலை அவர் விளக்கினார். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பிறகு, கணக்குக் கோப்புகளை வட்டில் சேர்க்கும்படி எஃப்சிங்க் என்ற அழைப்பால் கெர்னலைக் கேட்கும். ‘சேர்ந்தது’ என்று பதில் வந்தால் பதிவேட்டின் பழைய பக்கங்களைக் கைவிட்டுவிடும். வட்டு பழுதானாலோ, கெர்னல் ஒருமுறை பிழை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதியதாகவே குறித்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் ‘சேர்ந்தது’ என்றுவிடும்! 2018இல் இது தெரியவந்தபோது போஸ்ட்கிரெஸை உருவாக்கியவர்களே திகைத்துப் போனார்களாம். 2017இல் வெளிவந்த 4.13 கெர்னல் பிழையறிவிப்பைச் சீராக்கியதே தவிர, இந்தக் குணத்தை மாற்றவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த 10.7, 11.2 முதலிய பதிப்புகளில்தான், முதல் பிழையிலேயே தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீளும்படி செய்தார்கள்.

எங்களிடம் இருந்தது 10.5.

வட்டு கெட்டதுபோல் நடிக்க வைக்கும் வசதி லினக்ஸிலேயே உண்டு. அன்றிரவு அதை வைத்துச் சோதித்தேன். முதல்முறை பிழை, அடுத்தமுறை வெற்றி. கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினேன். நான் மாற்றிய சந்தாத் தொகைகள் சில, பழைய எண்ணிலேயே நின்றன. எந்த எச்சரிக்கையும் இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, சந்தா அட்டையை அரிசி டின்னுக்குள் பத்திரப்படுத்தியது ஏனோ நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை மேலாளரிடம் சென்று, அறிக்கை தவறு, திருப்பித் தாருங்கள் என்றேன். பயிற்சி மதிப்பெண் போடுபவரும் அவர்தான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“எத்தனை நாள் வேணும்?”

மூன்று நாள் கேட்டேன்.