உயர்த்திய ஊர்தி

2015 டிசம்பர்ப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, முடிச்சூர்த் தெருக்களில் படகுகள் சென்றன. இரும்புலியூரில் நம் அண்டை வீட்டு நண்பர், முடிச்சூரிலிருந்த தம் முதிய தாயாரைப் படகில்தான் மீட்டு வந்தார். தம் பழைய ஜீப்பை நான்கங்குலம் உயர்த்திவிட வேண்டுமென்பது அன்றுமுதல் அவருடைய தீராத ஆசை. ‘ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே, வண்டியைத் தூக்கினால் என்ன?’ என்பார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது.

வீடு நிற்பது, வண்டி ஓடுவது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஸ்டியரிங் பெட்டி சேசிஸோடு மேலே போய்விடுகிறது. சக்கரமோ தரையிலேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, முன்பு ஏறக்குறையப் படுத்திருந்தது, இப்போது சரிந்துவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அச்சரிந்த தண்டு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஓட்டுபவர் கை அசையாமலே வண்டி திரும்பும். முன்னச்சின் சாய்வும் மாறிவிட்டால், திருப்பிய ஸ்டியரிங் தானே நேருக்கு வரும் இயல்பு குன்றும்.

எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்டின் நிலையும் இதுவே. நிமிடத்திற்கு 1000 முறை சீராகச் சுழலும் தண்டு, யூனிவர்சல் ஜாயிண்டில் 20 பாகை மடங்கினால், மறுபுறத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 940க்கும் 1064க்கும் இடையே ஊசலாடும். இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்டுகள் சமகோணத்தில் இருந்தால் ஒன்றன் தடுமாற்றத்தை மற்றது ஈடுசெய்யும். உயர்த்தும்போது அச்சு சற்றே உருண்டாலும் அச்சமன் கெடும். அதிர்வு தோன்றும், பேரிங் தேயும்.

மரமும் வேரும் சேர்ந்து ‘மரவேர்’ ஆகையில் ஈற்று மகரம் கெடுவதை வகுப்பில் சொல்கிறோம். சேருமிடத்தில் மாறுதல் நேர்வதுண்டு. அம்மாறுதலுக்கும் இலக்கணம் உண்டு: ஸ்டியரிங் கையைத் தாழ்த்தலாம், அச்சுக்கு ஆப்பு வைத்துச் சாய்வைத் திருத்தலாம், ஷாஃப்டை நீட்டலாம். இவையின்றி வெறுமனே உயர்த்துவதுதான் ஆபத்து.

வெள்ளத்துக்கேனும் பயன்படுமா? ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் உயரும். அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஓரங்குலமும் ஏறாது. அதற்குப் பெரிய டயர் வேண்டும்.

தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை எடுத்துக்காட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதைவிட வலிய காரணம் ஒன்றுண்டு. வெள்ளம் என்றோ ஒருநாள் வருவது, புறவழிச்சாலை ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுமிடத்தில் லாரிகளுக்கிடையே அத்தாயாரை ஏற்றிச் செல்வதோ வாரந்தோறும்.