யார் காசு, யார் குரல்?

பயிலரங்குகளுக்கு வரும் மாணவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபவுண்டேஷன் நிதி வாங்கி பத்திரிகையோ யூடியூப் சேனலோ நடத்தலாமா தோழர்? அது விலைபோவது ஆகாதா?" இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எங்களால் முடிவதில்லை. ஆனால் டெல்டாவில் பிறந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நம் தாத்தா பாட்டி காலத்திலேயே அது நம் வயலுக்கு வந்துவிட்டது.

1960-61இல் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ் திட்டம்' என்று அழைக்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபோர்டு ஃபவுண்டேஷன் அதற்குப் பணமும் வல்லுநர்களும் தந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல் பரவியது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் பலரும் அந்த விதையைத் தேடிப் போனார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஃபவுண்டேஷன் பணமும் அரசு வானொலியும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நெல் பெருகியது. நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். விதை நேர்த்தி பற்றியும் உரம் பற்றியும் வானொலியில் கேட்டதாக எங்கள் தெருப் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கூலி பற்றி அதில் கேட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. மிராசுதாருக்குத் தெரிய வேண்டியது ஒலிபரப்பானது. பண்ணையாளுக்குச் சொல்ல இருந்தது ஒலிபரப்பாகவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்பதோடு, மைக் யார் கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கு மைக் யார் கையில்? ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. 106இல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. விளம்பரத்தில் ஓடும் ஊடகத்துக்குள் நமக்கு இடமில்லை என்றால் நாமே தொடங்க வேண்டும். அங்கேதான் பணம் குறுக்கே வந்து நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. 2010இல் வந்த புதிய சட்டம் பத்திரிகை ஆசிரியர், உரிமையாளர், நிருபர், கார்ட்டூனிஸ்ட் ஆகியோரோடு மின்னணு வழியில் செய்தி தருபவர்களும் வெளிநாட்டு நிதி வாங்கக் கூடாது என்கிறது. 2020 திருத்தம், வாங்கிய நிதியை வேறொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. டெல்லியில் வாங்கி திருவாரூரின் சிறு அமைப்புக்குக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது.

சமுதாய வானொலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய களஞ்சியம் வானொலி மீனவருக்கும் விவசாயிக்கும் பயன்பட்டது. தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலிக்கு 1990களின் கடைசியிலேயே யுனெஸ்கோ உதவி கிடைத்தும், உரிமம் பெற்று ஒலிபரப்பைத் தொடங்க 2008 ஆயிற்று. ஆனால் 2006 கொள்கைப்படி சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம் என்று பிறகு அனுமதித்தார்கள். புயல் வருகிறது என்று சொல்லலாம். சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்பதைச் செய்தியாகச் சொல்ல முடியாது.

உள்நாட்டு நிதியும் நிம்மதியானதல்ல. அசிம் பிரேம்ஜி, ரோகிணி நிலேகனி போன்றோரின் கொடையில் 2015இல் பெங்களூருவில் தொடங்கிய ஐ.பி.எஸ்.எம்.எஃப். பல சுதந்திர ஊடகங்களுக்கு நிதி தந்தது. 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை அங்கே போய் நின்றது. அரசுப் பணம் மட்டும் நிரந்தரமா? அமெரிக்காவில் பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கிய 1.1 பில்லியன் டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. சிறு ஊர் நிலையங்களைக் காப்பாற்ற அங்கேயும் ஃபவுண்டேஷன்கள்தான் ஓடிவர வேண்டியிருந்தது.

அப்படியானால் நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? 1920இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்க கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் தந்தார். அண்ணல் வாங்கிக்கொண்டார், மன்னருக்காக எழுதவில்லை. ஆனால் அந்த இதழ் சில ஆண்டுகளில் நின்றது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கினார். ஒரு பைசா விலையும், கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் போன்ற வாசகர்களின் ஆதரவும் அதைத் தாங்கின. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகும் தங்கவயலிலிருந்து அது மீண்டும் வந்தது. பெரிய கொடை ஒரு இதழைத் தொடங்கி வைக்கும். அது நிலைப்பது சிறு காசால்.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் செய்திக் காணொளி எடுக்கும் நான்கைந்து பேர் நாங்கள். உள்நாட்டு நிதி நிறுவனம் ஒன்று ஓராண்டுக்கு நிதி தர முன்வந்தது. நடவு வேலைக்குப் போய்க்கொண்டே செய்தி எடுக்கும் இரண்டு தங்கைகளுக்கு அதில் மாதச் சம்பளம் கிடைத்திருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: காணொளிகளில் 'சாதி' என்பதற்குப் பதில் 'சமூகப் பின்தங்கல்' என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதம் பேசிப் பார்த்தோம், அவர்கள் இறங்கவில்லை. முடிவை அந்த இரண்டு பேரிடமே விட்டோம், சம்பளம் அவர்களுடையது என்பதால். "அந்த வார்த்தை இல்லாம என்னத்தக்கா சொல்றது?" என்றாள் ஒருத்தி. நிதி வரவில்லை. மறு தையில் அவள் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி எங்களோடு இருக்கிறாள். தெருவுக்குத் தெரு வீட்டுக்கு 20 ரூபாய் வாங்கி நடத்துகிறோம். வாரம் ஒன்று என்றிருந்த காணொளி இப்போது மாதம் இரண்டுதான் வருகிறது. கொள்கையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்வது நியாயமாகாது.

ஆகவே தோழர்களே, நிதியைத் தீட்டாகப் பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். எதை வெளியிடுவது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கிறதா, எந்தச் சொல்லையாவது விடச் சொல்கிறார்களா, அந்தப் பணம் நாளை நின்றால் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று பாருங்கள். வாங்கிய கணக்கை உங்கள் தெருவில் ஒட்டுங்கள். எவ்வளவு பெரிய நிதி வந்தாலும் வீட்டுக்கு 20 ரூபாய் வாங்குவதை நிறுத்தாதீர்கள். அந்தக் காசு கொடுத்த அம்மாதான் "எங்க தெரு சேதி ஏன் வரல?" என்று உங்களைக் கேட்பார்.

ஜெய்பீம்.