பேரனுக்கு ஒரு டப்பா பிஸ்கட்

போடிமெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பாவும் வருகிறது. உள்ளே தினை மாவு பிஸ்கட், நடுவில் பன்னீர் திராட்சை ஜாம். பேரன் தாராளமாகச் சாப்பிடலாம். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் அதில் படவில்லை.

"இனிமே அவனுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்க முடியாதா மாமா?" என்று, அவனுக்குச் சீலியாக் நோய் இருப்பது தெரிந்ததும் நீ போனில் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போடியில் பேக்கரி வைத்து மைதாவோடே காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். புரோட்டாவுக்கு மாவு ஜவ்வு மாதிரி இழுபட வேண்டும். பன்னுக்கு அது காற்றைப் பிடித்து உப்ப வேண்டும். அந்த இழுவையைக் கொடுப்பது கோதுமையில் இருக்கும் குளூட்டன், அவனுக்கு ஆகாததும் அதுதான். பிஸ்கட்டுக்கு அந்த இழுவையே ஆகாது. அதனால்தான் பிஸ்கட் மாவை அதிகம் பிசையாதே என்று பையன்களிடம் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பேன். கடித்தால் பொடிய வேண்டிய பண்டத்துக்குக் கோதுமை இல்லாதது ஒரு குறையே இல்லை. புரோட்டாவை இழந்துவிட்டான் என்று வேண்டுமானால் வருத்தப்படு. பிஸ்கட்டை அவன் இழக்கவில்லை.

செய்முறையை எழுதிக்கொள். தினை மாவு 150 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம், முந்திரியும் பாதாமும் சேர்த்துப் பொடித்தது 100 கிராம், வெண்ணெய் 120 கிராம், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, ஆறு ஏலக்காய். முந்திரியை மட்டும் மிக்ஸியில் ஓடவிட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். சர்க்கரையில் ஒரு பங்கைச் சேர்த்து விட்டுவிட்டு அரை. வெண்ணெயையும் மீதிச் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, மஞ்சள் கருவைச் சேர்த்து, பிறகு மாவைக் கொட்டு. பிசைந்ததும் அவசரப்பட்டு உருட்டாதே. அரிசியும் தினையும் ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் நறநறப்பு குறையும், உருட்டும்போது விரியாது.

ஏலக்காய்க்கு விலை கூடினதைத் தேடாதே. ஏலக்காய் ஸ்டோரில் சலித்துத் தரம் பிரிக்கும்போது 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற பச்சைக் காய்க்குத்தான் ஏலத்தில் மவுசு. விலையில் பாதி அந்த நிறத்துக்கும் பருமனுக்கும். கொஞ்சம் வெளுத்த காயை உடைத்துப் பார், உள்ளே விதை கருகருவென்று பிசுபிசுப்பாக இருந்தால் அதுவே போதும். விதையைச் சர்க்கரையோடு நுணுக்கிக்கொள், தோலைத் தேயிலையில் போட்டுவிடு. டப்பாவின் ஓரத்தில் ஒரு பொட்டலம் காய் வைத்திருக்கிறேன்.

ஜாமுக்குக் கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம்தான், உங்கள் சென்னையிலும் கிடைக்கும். அரைக் கிலோ பழத்தைப் பிதுக்கினால் சதை தனியாக, தோல் தனியாக வந்துவிடும். சதையை ஒரு கொதி விட்டு வடிகட்டினால் கொட்டை போய்விடும். தோலைத் திரும்பப் போடு. நிறமும் வாசமும் அதில்தான் இருக்கிறது. 150 கிராம் சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டுக் கிண்டு. நான் எழுதும் சூட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இந்த மெட்டு ஏறக்குறைய 4,500 அடி உயரம், தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இங்கே 100-ல் இறுகும் ஜாம் உங்கள் ஊரில் 105-ஐத் தொட்டால்தான் இறுகும். சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழு. கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அடுப்பை அணை. இளக்கமாக இருந்தால் அடுப்புச் சூட்டில் வழிந்து பிஸ்கட் நமுத்துவிடும்.

மாவை நெல்லிக்காய் அளவு உருட்டி, நறுக்கிய முந்திரியில் புரட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, அரை ஸ்பூன் ஜாம் வை. ஓடிஜியில் 165 டிகிரி, 15 முதல் 18 நிமிஷம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடு. சூட்டில் தொட்டால் உதிர்ந்துபோகும், தட்டிலேயே ஆறவிடு.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. இனிமேல் சொல்வதுதான் கஷ்டம். இந்த பிஸ்கட்டை நம் பேக்கரியில் போடாமல் மெட்டு வீட்டில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கரியில் மைதா காற்றில் பறக்கும், தட்டிலும் தராசிலும் சுவரிலும் படிந்திருக்கும். அங்கே எந்த மாவில் போட்டாலும் இவனுக்கு ஆகாது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். 20 மில்லிகிராம் என்பது மிகக் கொஞ்சம்தான்.

தினை மாவைக் கடையில் வாங்காதே, மில்லிலும் கொடுக்காதே. உனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் உன் மாவில் வந்து சேரும். முழுத் தினையாக வாங்கி, தட்டில் பரப்பிப் பார். அத்தை சொளகில் புடைத்தபோது, சுத்தம் என்று எழுதியிருந்த பாக்கெட்டிலேயே முழுசு முழுசாகக் கோதுமை மணி கிடந்தது. பொறுக்கி, கழுவி, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்தாள். மாவுச் சல்லடையும் பூரிக்கட்டையும் மரக்கரண்டியும் எவ்வளவு கழுவினாலும் மாவை விடாது. அவனுக்கென்று புதிதாக வாங்கிவிடு. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதே. பிரெட் தடவிய கத்தியை ஜாம் பாட்டிலில் விடாதே. கூட்டுப் பெருங்காய டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பார், பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். அப்படியானால் வெளிச் சாம்பாரும் இட்லிப் பொடியும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மால்ட் போட்ட சத்துப் பானம் பெரும்பாலும் பார்லி, அதுவும் கூடாது.

"நம்ம பக்கம் யாருக்கும் இல்லாத வியாதி இவனுக்கு எப்படி வந்தது?" என்று உன் மாமியார் கேட்டாராம். அதற்கும் பதில் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் சீலியாக் இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் இதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம அளவில் இருந்தது. வித்தியாசம் கோதுமையில்தான்: வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் தாத்தா காலத்தில் சோறும் கூழும் கம்பும். இப்போது காலையில் பிரெட், மதியம் சப்பாத்தி, ராத்திரி புரோட்டா. மரபணு எப்போதும் இருந்தது, கோதுமைதான் புதிதாக வந்தது. உன் வளர்ப்பில் ஒரு தப்பும் இல்லை.

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் மருந்து. ஹாலந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி இல்லாதபோது இந்த நோய்ப் பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்ததையும் பார்த்தார். 1950-ல் கோதுமை செய்யும் கெடுதலை ஆராய்ச்சியாக எழுதினார். கோதுமையை நிறுத்தினால், அதனால் தேய்ந்துபோன குடலுறிஞ்சிகள் மெல்ல மெல்லத் திரும்ப வளரும். பேரனுக்கு எடை ஏறும், உயரமும் கூடும். ஆனால் 'இன்றைக்கு ஒரு நாள் மட்டும்' என்ற பேச்சே கூடாது. கோயில் கேசரியும் அதில் சேர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் கேக்கும் சேர்த்தி. வகுப்பு டீச்சரிடம் இந்த பிஸ்கட்டில் ஒரு சின்ன டப்பா கொடுத்து வை. மற்ற பிள்ளைகள் கேக் தின்னும்போது இவன் கையும் வெறுமனே இருக்காது.

பிஸ்கட்டை அவனுக்கு மட்டும் என்று ஒளித்து வைக்காதே, எல்லோருமே தின்னுங்கள். தீர்ந்தால் எழுது, அடுத்த டப்பா போடி ரயிலில் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. அவனுக்காக வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். பெரிய மனசு. ஆனால் அதற்கு முன்னால் நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூன்று பேரும் டிடிஜி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் சீலியாக் இருக்க வாய்ப்பு அதிகம், வெளியே ஒன்றும் தெரியாமலேகூட இருக்கும். கோதுமையை நிறுத்திய பிறகு சோதித்தால் இருப்பதும் இல்லை என்று காட்டிவிடும். அதனால் முதலில் ரத்தம் கொடுங்கள், அப்புறம் சமையலறையை மாற்றுங்கள். இந்த வாரமே போய் வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா