மூலை மடங்கிய அட்டை

1. ஐஸ் ஹாக்கி ரூக்கி கார்டு பற்றி ஒரு நீண்ட த்ரெட். விளையாட்டு தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம், பாதி மருத்துவம்தான்.

ஒரு வீரரின் படத்தோடு முதன்முதலாக வெளிவந்த அட்டைதான் ரூக்கி கார்டு. கனடாவில் பபிள்கம் பாக்கெட்டோடு வந்த சமாச்சாரம். பத்து வருஷமா டொராண்டோவில் டாக்டராக இருக்கும் எனக்கு, வாரக்கடைசியில் இந்த அட்டைக் கடைகளைச் சுற்றுவதுதான் பொழுதுபோக்கு.

2. இதுல ராஜா யாருன்னா வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ஓ-பீ-சீ அட்டை, எண் 18. அதில் ஒன்று 2021-ல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. ஆமாங்க, பபிள்கம்மோட வந்த அட்டைதான்.

3. ஏன் அந்த விலை? அட்டையின் "உடல்நிலை"தான் காரணம். மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போடுவார்கள். அந்தக் கால ஓ-பீ-சீ அட்டைகளைக் கம்பியால் வெட்டினார்கள். அதனால் ஓரமெல்லாம் பிசிறு. அதையும் தாண்டி 10 வாங்கிய அட்டை என்பதால்தான் அந்த விலை.

4. லென்ஸ் வைத்து மூலையைப் பார்க்கிறவர்கள் நடுவில் நான் பார்ப்பது படத்தில் இருக்கிற ஆளை. அவர் உடம்புக்கு என்ன ஆச்சு? டாக்டர் புத்தி, வேற என்ன சொல்ல.

5. கோர்டி ஹோவ். ரூக்கி கார்டு 1951-52, பார்க்கர்ஸ்ட் கம்பெனி வெளியிட்டது. அவர் ஆட வந்தது 1946-லேயே. முதல் அட்டை வர 5 வருஷம் ஆச்சு.

அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கு. 1950 மார்ச்சில் ஒரு ஆட்டத்தில் பக்கப் பலகையில் தலை மோதி மண்டை ஓடு உடைந்தது. உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க மண்டையில் துளை போட்டார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயம். ஆனால் அடுத்த சீசனில் 86 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம்! அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த அட்டை.

6. அவர் கடைசியாக என்.எச்.எல்-லில் ஆடியது 1979-80 சீசனில், 52 வயதில். கிரெட்ஸ்கிக்கு அதுதான் முதல் என்.எச்.எல் சீசன். 1979-80 ஓ-பீ-சீ வரிசையில் இரண்டு பேருக்கும் அட்டை உண்டு.

7. எல்லாருக்கும் ஹோவ் மாதிரி அமையாது. பாபி ஓர் - 1966-67 டாப்ஸ், எண் 35. மரச்சட்டம் போட்ட பழைய டி.வி. பெட்டிக்குள் ஆள் நிற்பது போல டிசைன். தொடர்ந்து 8 வருடம் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். 30 வயதில், 1978-ல், ஓய்வு. காரணம் இடது முழங்கால்.

8. முழங்காலுக்குள் மெனிஸ்கஸ் என்று மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு உண்டு. அது கிழிந்தால், அந்தக் காலத்தில் மூட்டைத் திறந்து ஜவ்வை முழுசா எடுத்துவிடுவது வழக்கம். மெத்தை போனால் எலும்போடு எலும்பு உரசும், மூட்டு சீக்கிரம் தேயும். ஸ்கேன் கிடையாது, சின்னத் துளை வழியே தைக்கும் வசதியும் கிடையாது. ஓருக்குப் பத்துக்கும் மேற்பட்ட முழங்கால் ஆபரேஷன்கள். இன்றைக்கு ஆடியிருந்தால் இன்னும் சில வருஷம் கிடைத்திருக்கும் என்று தோன்றும்.

9. இந்த இரண்டு அட்டையும் என் பட்ஜெட்டுக்கு எட்டாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. என்னிடம் இருப்பது பாபி கிளார்க், 1970-71 ஓ-பீ-சீ, எண் 195. மூலை மடங்கி, நடுவில் ஒரு கோடு விழுந்தது. மார்க் போட்டால் 2 தேறும்.

10. கிளார்க்குக்குச் சின்ன வயதிலேயே டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இன்சுலின். 1969 தேர்வில் 16 பேரை எடுத்த பிறகுதான் பிலடெல்பியா அவரை எடுத்தது. திறமையில் சந்தேகம் இல்லை, நோயைக் கண்டு பயம்.

வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி அப்போது கிடையாது. ஆட்டத்தின் இடைவேளையில் சர்க்கரை கலந்த ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு ஆடினார். 1974, 1975 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை, அவர்தான் கேப்டன். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது 3 முறை.

11. அந்த அட்டை என் கிளினிக் மேசை டிராயரில் இருக்கிறது. போன வருடம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா 12 வயது மகனைக் கூட்டி வந்தார். டைப் 1 என்று தெரிந்து மூன்று வாரம். "டொக்டர், இனி இவன் ஹொக்கி விளையாடக் கூடாதுதானே?" பையன் தலையே தூக்கவில்லை.

அட்டையை அவன் கையில் கொடுத்துக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சென்சர் இல்லாமல் எப்படி சுகர் பார்த்தவர்?" என்று கேட்டான். சிறுநீரில்தான் என்றேன். முகத்தைச் சுளித்துச் சிரித்தான். அம்மாவும் சிரித்துவிட்டார்.

12. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டைப் 1 உள்ள பிள்ளைகள் தாராளமாக விளையாடலாம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பாருங்கள். பையில் ஜூஸ் அல்லது குளுக்கோஸ் இருக்கட்டும். கோச்சிடம் மறைக்காதீர்கள். ஆடிய அன்று இரவு தூக்கத்தில்கூட சர்க்கரை இறங்கலாம், கவனம். இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பையன் இந்த சீசனும் ஆடுகிறான். லெஃப்ட் விங்.